துடிக்காத வலிப்பும் உண்டு

வலிப்பு என்றதும் நம் கண்முன் வருவது என்ன? கை கால் உதைத்து, வாயில் நுரை தள்ளி ஒருவர் விழுந்து கிடக்கும் காட்சிதான். ‘கால்-கை வலிப்பு’ என்பதே பேச்சு வழக்கில் ‘காக்காய் வலிப்பு’ எனத் திரிந்தது என்பர். ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் வரும் எல்லா வலிப்பும் கையையும் காலையும் இழுப்பதில்லை. தாதியர் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியவை இந்த அமைதியான வலிப்புகளே.

மூளை நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருசேர மின்துடிப்பை வெளியிடுவதால் வலிப்பு உண்டாகிறது. அது மூளையின் எப்பகுதியில் எழுகிறதோ, அதற்கேற்ப அறிகுறியும் மாறும். ஒருவர் திடீரென வெறித்துப் பார்ப்பார். அழைத்தால் பதில் வராது. உதட்டைச் சப்பியபடி போர்வையைப் பிடித்திழுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு வாயோரம் மட்டும் துடிக்கும். பக்கவாதத்தாலோ மூளைக் காய்ச்சலாலோ படுத்திருப்பவருக்கு, முன்பு வலிப்பே வந்திராவிட்டாலும் இது வரலாம்.

துடிப்பதெல்லாம் வலிப்பும் அல்ல. 1998-1999இல் நம் நாட்டில் நிப்பா கிருமி 265 பேரைத் தாக்கி, 105 பேரைப் பலிகொண்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சிகிச்சை பெற்றோரில் சிலருக்கு வலிப்பு வந்தது; சிலருக்குத் தசைகள் தாளகதியில் வெட்டித் துடித்தன. இரண்டும் வெவ்வேறு அறிகுறிகள். ஐயம் எழும்போது மூளை மின்னலைப் பதிவு துணைசெய்யும்.

தாதி செய்ய வேண்டியவை யாவை? கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. துடிப்பு எங்கே தொடங்கியது, கண் எப்பக்கம் திரும்பியது என்று எழுத வேண்டும். இரத்தச் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். உடல் முழுதும் உதறும் வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் அவசர மருந்து தேவை. துடிப்பு நின்றும் தெளிவு திரும்பாவிட்டால், மூளைக்குள் வலிப்பு இன்னும் தொடர்கிறதோ என்று ஐயுற வேண்டும்.

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ ஒரு பாட்டி, “தாத்தாவுக்கு இழுப்பு வந்துச்சு” என்பார். தமிழில் இழுப்பு என்பது வலிப்பையும் குறிக்கும், மூச்சிரைப்பையும் குறிக்கும். ‘மயக்கம்’ என்றால் தலைச்சுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழத்தலாகவும் இருக்கலாம். அதை மலாயில் மாற்றித் தாதியிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பேரப்பிள்ளைகள்தாம். ஆகவே, நோய்க்கு நாமே பெயர் சூட்டாமல், “கண் மேலே போனது, இடக்கை துடித்தது, இரண்டு நிமிடம் பேசவில்லை” என்று கண்டதைக் கண்டபடி சொல்வோம். சரியான மருந்து சரியான நேரத்தில் சேர அதுவே வழி.