நல்ல பையன்தான்...

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சார், வணக்கம். திருச்சியிலேருந்து பேசறேன். உங்க மாடியில குடியிருந்தாரே ஒரு தம்பி, அவரை எங்க பொண்ணுக்குப் பாத்திருக்கோம். ஒரு வார்த்தை விசாரிச்சுக்கலாம்னு..."

குரலைக் கேட்டால் அறுபதைத் தாண்டியவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள், "வாடகை ஒழுங்கா குடுத்தாரான்னு கேளுங்க" என்று எடுத்துக்கொடுப்பதும் காதில் விழுந்தது.

அந்தப் பையன் எங்கள் மாடியில் இரண்டு வருடம் இருந்தான். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். சிகரெட் வாசம் வந்ததில்லை. படியில் எதிரே பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவான். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு அவர் கேட்டார்: "குணம் எப்படி சார்?"

"நல்ல பையன்தான்" என்றேன்.

அவர் நிம்மதியாக நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

'நல்ல பையன்' என்பது வேறு, 'நல்ல பையன்தான்' என்பது வேறு. முன்னது பாராட்டு. பின்னதில் ஒரு கதவு பாதி சாத்தியிருக்கிறது. கல்யாண விசாரிப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அந்தத் 'தான்' காதில் விழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். என் பெரியப்பா அப்படிப்பட்டவர். பெண் கொடுக்கும் ஊருக்கு முதல் நாளே போய்விடுவார். சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு ஆள், இவர்கள்தான் அவருக்குச் சாட்சி. "சொந்தக்காரன் பெருமையைச் சொல்வான், கடைக்காரன் பாக்கியைச் சொல்வான்" என்பார். அவர் பார்த்து முடித்த கல்யாணங்கள் எல்லாமே நன்றாக இருந்தனவா என்றால், இல்லை. ஆனால் ஏமாந்த இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏன் அந்தத் 'தானை'ப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்கால இரவு, பத்தரை மணி இருக்கும். சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிப் பையன் சொட்டச் சொட்ட நனைந்து எங்கள் கேட்டில் நின்றான். அரை மணி தாமதம். மாடிப் பையன் இறங்கி வந்தான். அடுத்த ஐந்து நிமிடம் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிற அதே பையன். நனைந்தவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கு ஸ்டார் குறையும் பயம்.

இதைத் திருச்சிக்காரரிடம் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்ற அந்தப் பழைய பயம்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறோம். அது பொய் அல்ல, 'ஆயிரம் முறை போய்ச் சொல்லி' என்பதுதான் மருவிவிட்டது என்று மேடையில் விளக்குகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், வாயைத் திறந்து பொய் சொல்கிற தரகரைவிட வாயை மூடிக்கொள்கிற என்னைப் போன்றவர்களால் நடந்த கல்யாணங்கள்தான் அதிகம் இருக்கும்.

குணத்தைப் பார்த்துத்தான் கட்டுவேன் என்று கிளம்பிய ஒருவன் கதை ஒன்று இருக்கிறது; ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன், நம் ஊரில் நடப்பதாகவே எழுதப்பட்டது. எழுதியவர் தண்டி. தண்டியலங்காரத்துக்கு மூலமான காவியாதர்சத்தை எழுதியவர். பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். அவருடைய வடமொழி உரைநடை நூலான தசகுமார சரிதத்துக்குள் கிளைக்கதையாக வருகிறது கோமினியின் கதை. இல்லறத்தானுக்கு இனியதும் நன்மையானதும் எது என்று ஒரு பிரம்மராட்சசன் கேட்கிறான். மனைவியின் குணம் என்று பதில் சொல்லி, அதற்கு உதாரணமாக இந்தக் கதை சொல்லப்படுகிறது.

காஞ்சிபுரத்தில் சக்திகுமாரன் என்று ஒரு வணிகன் மகன். கோடிக்கணக்கில் சொத்து. வயது 18ஐ நெருங்குகிறது. அடுத்தவர் பேச்சை நம்பிப் பெண் எடுக்க அவனுக்கு இஷ்டமில்லை. சோதிடன் வேடம் போட்டுக்கொண்டு, துணி முனையில் சிறுபடி நெல்லை முடிந்துகொண்டு கிளம்புகிறான். அங்க லட்சணம் பார்க்கிறவன் என்று எண்ணிப் பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் மகள்களைக் காட்டுகிறார்கள். இவன் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி: "இந்த நெல்லை வைத்துக்கொண்டு எனக்கு முழுச் சாப்பாடு போட முடியுமா?" சிரித்துத் துரத்துகிறார்கள். காவிரிக் கரையில் ஓர் ஊரில், வாழ்ந்து கெட்ட வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் காதில் பேருக்கு நகை, அந்த நெல்லை வாங்கிக்கொள்கிறாள்.

அடுத்து வருவது சமையல் குறிப்பு மாதிரியும் இருக்கும், சிறுதொழில் கையேடு மாதிரியும் இருக்கும். நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் காயவைத்து, உமி நொறுங்காமல் பக்குவமாகப் பிரிக்கிறாள். "இந்த உமி நகைக்கு மெருகேற்றத் தட்டார்களுக்கு வேண்டியிருக்கும், விற்றுவிட்டு வா" என்று வீட்டுக் கிழவியை அனுப்புகிறாள். வந்த காசில் விறகும் சட்டியும். அரிசியைக் குத்திப் புடைத்து, ஐந்து பங்கு தண்ணீரில் உலை வைத்து, கஞ்சியை வடிக்கிறாள். எரிந்த விறகில் நீர் தெளித்து அணைத்தால் கரி. அதுவும் விலைக்குப் போகிறது. அந்தக் காசில் காய்கறி, நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி. வந்தவன் எண்ணெயும் நெல்லிக்காய் விழுதும் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்காருகிறான். முதலில் கஞ்சி, பிறகு நெய் சோறு, கடைசியில் தயிரும் மோரும். அவன் வயிறு நிறைந்த பிறகும் பானையில் சோறு மிச்சம்.

அந்தப் பெண்ணின் திறமையைப் படிக்கும்போது எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. சக்திகுமாரனுக்கும் திருப்தி, கட்டிக்கொள்கிறான். அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கணிகையை வீட்டுக்கு அழைத்து வந்தான். (காவிரிக்கரை, வணிகன் மகன், கணிகை. இதெல்லாம் நமக்கு வேறொரு காப்பியத்தில் ஏற்கெனவே பழக்கம்.) கோமினி முகம் கோணாமல் அவளையும் தோழிபோல நடத்தி, வேலையாட்கள் மனதையும் பிடித்து, கடைசியில் அவன் வீட்டுச் சாவியைத் தன்னிடமே கொடுக்கும்படி செய்துகொண்டாள். ஆகவே குணமுள்ள மனைவி அமைவது பாக்கியம் என்று கதையை முடிக்கிறார் தண்டி.

எனக்கு இந்தக் கதையில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஒரு படி நெல் அளந்தது அவள் கெட்டிக்காரத்தனத்தை. அவனை அளக்க யார் வீட்டிலும் ஒரு பிடி நெல்கூட இல்லை. இத்தனைக்கும் வாசலிலேயே எல்லாம் தெரிந்தது. பொய் வேடம் போட்டு வந்திருக்கிறான். கோடீஸ்வரன், ஆனால் சோற்றுக்குத் திண்டாடுகிற வீட்டில் போய் உட்கார்ந்து, உழைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு விருந்து சாப்பிடுகிறான். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அந்த நெல் முடிச்சை நாம் இன்னும் அவிழ்க்கவில்லை. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று இருந்தது, வேலைக்குப் போவாளா, சம்பளம் எவ்வளவு, வெளிநாடு வரத் தயாரா என்று மாறியிருக்கிறது. பையன் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதைப் பெண் வீட்டார் கேட்டால், "ரொம்பத்தான் விசாரிக்கிறாங்க" என்று பெயர். வாழ்க்கைத் துணைநலம் என்று குறளில் ஓர் அதிகாரம் உண்டு. அது முழுக்க மனைவியைப் பற்றியதே. மாப்பிள்ளைக்கு என்ன பாடம் என்று தேடினால் பொருட்பாலுக்குப் போக வேண்டும். 92ஆம் அதிகாரம் வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. என் பெரியப்பா டீக்கடையில் விசாரித்த மூன்றும் அதே வரிசைதான். ஆனால் சூது இப்போது போர்வைக்குள் போனில் நடக்கிறது. எந்த டீக்கடைக்காரருக்கும் அது தெரியாது. அதனால்தானோ என்னவோ சில வீடுகளில் மாப்பிள்ளையின் சிபில் ஸ்கோரைக் கேட்கிறார்கள். தப்பில்லை. கடன் கட்டுகிறானா என்பது தெரியும். கட்டின பிறகு வீட்டில் எப்படிப் பேசுவான் என்பதற்கு எந்த வங்கியிலும் ஸ்கோர் கிடையாது.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம், மகேந்திரம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை. குணத்துக்குக் கிட்டத்தட்ட வருவது கணம் ஒன்றுதான்; தேவ கணமா, மனுஷ கணமா, ராட்சச கணமா என்று. அதையும் பிறந்த நட்சத்திரமே முடிவு செய்துவிடுகிறது. இவன் இத்தனை வருடம் எப்படி நடந்துகொண்டான் என்பதற்கு அதில் இடமில்லை.

தொல்காப்பியரிடமும் ஒரு பத்துப் பொருத்தம் இருக்கிறது, மெய்ப்பாட்டியலில். பிறப்பு, வயது, உருவம், செல்வம் என்று நாம் விளம்பரத்தில் போடுகிற சமாசாரங்கள் அதிலும் உண்டு. அவர் காலத்தைவிட்டு வெளியே வந்துவிடவில்லை. ஆனால் நிறை, அருள், உணர்வு என்ற மூன்றும் அதே பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்று, இந்தப் பத்தும் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நூற்பா. எவையெல்லாம் இருக்கக்கூடாது என்று சொல்கிறார். பொறாமை, கொடுமை, தன்னைத்தானே வியந்துகொள்வது, புறம் பேசுவது, வன்சொல், சோம்பல் என்று போகிறது. குடிமை இன்புறல் என்பதும் அதில் இருக்கிறது: எங்கள் பரம்பரை எப்பேர்ப்பட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழ்வது. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தாத்தா பெருமை பேசிய மாப்பிள்ளை வீடுகளை நான் கண்டிருக்கிறேன். தொல்காப்பியர் கணக்கில் அங்கேயே எழுந்து வந்திருக்கலாம்.

வன்சொல். மழை இரவு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது அந்த வார்த்தையில்தான்.

கோபம் எல்லோருக்கும் வரும். யார்மேல் வருகிறது என்பதுதான் விஷயம். மேனேஜர்மேல் வராத கோபம், வீட்டுக்காரர்மேல் வராத கோபம், திருப்பிப் பேச முடியாதவன்மேல் மட்டும் வருகிறது என்றால் அது கல்யாணத்துக்குப் பிறகு எங்கே போகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் ஏறக்குறைய 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய அப்பாக்கள் யாரோ ஒரு வீட்டுக்காரரிடம் போனில் விசாரித்திருப்பார்கள்? எத்தனை பேர் "நல்ல பையன்தான்" என்ற பதிலைக் கேட்டு நிம்மதியாக போனை வைத்திருப்பார்கள்? "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு வாக்கியம் நம்மிடம் உண்டு. எந்தப் பெண்ணும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை; பையனைப் பெற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் திருச்சிக்காரருக்கு போன் செய்ய நம்பரை எடுத்தேன், வைத்தேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒரே ஒரு இரவை வைத்து ஒருவனை எடை போடலாமா என்ற கேள்வியும் நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவனுக்கு ஆபீஸில் என்ன நடந்ததோ. நானே ஒருமுறை ஆட்டோக்காரரிடம் பேசிய பேச்சை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

நான்காம் நாள் அதே ஊரிலிருந்து வேறொரு எண்.

"அங்கிள், நான்தான்... அப்பா உங்ககிட்ட பேசினாராமே. நல்லவர்னு சொன்னீங்களாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அவருக்குக் கோபம் வந்து பாத்திருக்கீங்களா?"

சொன்னேன். மழை, கேட், நனைந்த பையன், எல்லாம். வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். அவள் இடையில் பேசவே இல்லை. முடித்ததும் நான் அவசரமாக, "மத்தபடி நல்ல பையன்மா, அன்னிக்கு என்ன டென்ஷனோ" என்று சேர்த்துக்கொண்டேன்.

"சரி அங்கிள். திட்டினதுக்கப்புறம் என்ன பண்ணார்? அந்தப் பையன் கிளம்பறதுக்குள்ள ஏதாவது சொன்னாரா? சாரி மாதிரி?"

எனக்குத் தெரியாது. சத்தம் தாங்காமல் நான் அப்போதே ஜன்னலைச் சாத்திவிட்டிருந்தேன்.