சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள்

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரிலிருந்து விடியற்காலை ரயிலில் நானும் ஒரு நண்பரும் சென்னைக்குப் புறப்பட்டோம். அவர் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னைத் 'தோழர்' என்பார். சேப்பாக்கத்தில் இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட், நான்காம் நாள். அதே ஜனவரியில்தான் தில்லி பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தை சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். "வீட்ல ஒத்துக்கல தோழர். மேட்ச் பாக்கப் போறியா, மாட்டிக்கப் போறியான்னு கேக்குறாங்க" என்றார்.

நாங்கள் போன வழி பழைய வழி. 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி வாலாஜா 1768இல் கட்டியதே சேப்பாக்கம் அரண்மனை. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1860களில் பக்கத்திலேயே வெள்ளையரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வந்து சேர்ந்தது. அங்கே நம்மவர்களுக்குச் சமமான இடம் இல்லை. அதனால்தான் 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். 1934இல் முதல் ரஞ்சி ஆட்டம், 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, 1986இல் ஆஸ்திரேலியாவோடு சமனில் முடிந்த டெஸ்ட் என்று மைதானத்தின் பெருமையைச் சொல்பவர்கள் பலர். வாலாஜா சாலையில் வரிசையில் நிற்கும்போது சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

உள்ளே கொதிக்கிற சிமென்ட் படிகள். காதோடு ஒட்டிய டிரான்சிஸ்டர்கள், தயிர்சாதப் பொட்டலங்கள், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று. யார் தோளில் யார் சாய்கிறார்கள் என்ற கணக்கே இல்லை. இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தவர். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். அன்று இங்கே பந்து வீசியவர் அதே தோலை எச்சில் தொட்டு வெள்ளை பேன்ட்டில் தேய்த்தார். நடுவில் தக்கை, மேலே நூல் சுற்று, அதன் மேல் படிகாரத்தில் பதனிட்ட தோல். பந்தாகிவிட்டால் தோலுக்குத் தீட்டு இல்லை. தைத்தவருக்கு மட்டும் இருக்கிறது.

பல்வங்கர் பாலூ தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். பூனாவில் அவர் வீசிய பந்தைத் தொட்ட சக ஆட்டக்காரர்கள், இடைவேளையில் அவருக்குத் தேநீரை வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தும் அவர் கேப்டன் ஆக்கப்படவில்லை. அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சனைத் தெரிந்த அளவுக்கு நமக்கு பாலூவைத் தெரியாது.

அன்றைய இலக்கு 271. 82க்கு 5 விக்கெட் போனபின் டெண்டுல்கரும் மோங்கியாவும் நின்றார்கள். டெண்டுல்கர் அடித்த ஒவ்வொரு பவுண்டரிக்கும் பாய் என்னைவிடச் சத்தமாக, எல்லோருக்கும் அரை நொடி முன்னால் கைதட்டினார். சக்லைன் முஷ்டாக் விக்கெட் எடுக்கும்போது இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். எனக்கு அப்படி வேண்டியிருக்கவில்லை. சக்லைன் வீசிய நல்ல பந்துக்கு "அடடா" என்றேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 136 அடித்த டெண்டுல்கர் 254இல் போனார். மிச்ச மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி.

மைதானம் ஊமையானது. பிறகு எங்கோ ஒரு கைதட்டல், அப்புறம் படிப்படியாக எல்லாப் பக்கமும். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள், கூட்டம் எழுந்து நின்றது. பாய் இடமும் வலமும் பார்த்தார். பிறகுதான் எழுந்தார்.

1990இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட் ஒரு சோதனை சொன்னார்: குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், விசுவாசம் தெரிந்துவிடும். இங்கே அந்தச் சோதனை குடியேறாதவர்களுக்கும் உண்டு. அன்வருத்தீன் கான் விழுந்த ஊரிலேயே பிறந்தவருக்கும் உண்டு. எனக்கு ரசனையாக இருப்பது அவருக்குப் பரீட்சை. சேப்பாக்கம் ரசிகர்களை 'விவரமானவர்கள்' என்று புகழ்கிறோம். பொய்யில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மை, யாரிடம் சான்று கேட்கப்படுவதில்லையோ அவர்களுக்கு எளிது. அன்று நடந்ததன் மதிப்பு வேறு: அத்தனை பேரும் எழுந்த அந்தச் சில நிமிடங்களுக்கு, பரீட்சை எழுதியவரும் தாள் திருத்தியவரும் யாரென்று பிரிக்க முடியாமல் போயிற்று.

ராத்திரி ரயிலில் பாய் கேட்டார்: "எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன் தோழர். நான் மொதல்ல தட்டியிருந்தா?"

காட்பாடி தாண்டும்வரை யோசித்தேன். என்னிடம் பதில் இருக்கவில்லை.