தொலைநோக்கியும் தூண்டிலும்

பறவை பார்க்கப் போகிறவர்கள் போகிற போக்கில் மீனும் பிடிக்கலாமா? நெய்யாற்றின் கழிமுகத்தில் எழுந்த ஒரு சங்கடமான கேள்வி.

காலை ஆறரை மணி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கங்களிலிருந்து வந்த பத்துப் பேர் பூவாரில் கயாக் படகுகளில் ஏறுகிறார்கள். கழுத்தில் தொலைநோக்கி, மடியில் பறவைக் கையேடு. அகத்திய மலையில் பிறந்து 56 கி.மீ. ஓடிவரும் நெய்யாறு, கடலைத் தொடுமுன் கண்டல் மரங்களுக்கிடையே சோம்பலாக நெளியும் இடம் இது.

குழுவில் பாதிப் பேர் தமிழர், பாதிப் பேர் மலையாளிகள். கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி நீந்தும் பறவையைக் கண்டதும் ஒரு படகிலிருந்து 'பாம்புத்தாரா' என்கிறது ஒரு குரல். அடுத்த படகிலிருந்து 'சேரக்கோழி' என்கிறது இன்னொன்று. பெயர் எதுவானாலும் பாம்பு இரண்டிலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பறவைகள் அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. மீன்களும்தான்.

ஒரு மணி நேரம் கழித்து நண்பர் ஒருவர் படகின் பின்புறத்திலிருந்து மடக்குத் தூண்டில் ஒன்றை எடுத்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. "நீங்களும் பிடிச்சுப் பாருங்க, சார்" என்று என்னிடம் நீட்டினார். நானும் மறுக்கவில்லை. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டேன். பத்தே நிமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிமீன். கைதட்டல் எழுந்தது. எதிர்க்கரையில் அமர்ந்திருந்த நீர்க்காகங்கள் பறந்து போயின.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த முதியவர் மட்டும் கைதட்டவில்லை. தண்ணீரைச் சுட்டிக்காட்டினார். மீன் சிக்கிய இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகள்; அவற்றைச் சுற்றி இன்னொரு கரிமீன் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. பிடித்ததை விட்டுவிடச் சொன்னார். கொக்கியைக் கழற்றி விட்டேன். பக்கவாட்டில் சாய்ந்து, சற்றுநேரம் மிதந்து, பிறகு ஆழத்துக்குள் போனது. போன திசை குஞ்சுகள் இருந்த பக்கமல்ல.

காவல் காக்கும் மீன்

கரிமீனைக் கேரள அரசு 2010-ல் மாநில மீனாக அறிவித்தது. பொறித்த கரிமீனின் ருசி ஊரறிந்தது; அதன் குடும்ப வாழ்க்கை பலருக்குத் தெரியாது. மூழ்கிக் கிடக்கும் கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, ஆணும் பெண்ணுமாகக் காவல் இருக்கும். துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதிய நீர் பாய்ச்சும். குஞ்சு பொரித்த பின்னும் காவல் தொடரும். அதே நீரில் வாழும் பள்ளத்தி என்ற சிறு மீனுக்குக் கரிமீன் முட்டையும் குஞ்சும் பிடித்தமான இரை. காவலில் ஒன்று குறைந்தால் பள்ளத்திக்கு விருந்துதான்.

பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் இன்னும் ஆசையாகத் தேடுவது கொடுவாவை. அதன் கதை வேறு. ஆணாக முதிர்ச்சியடைந்து, மேலும் வளர்ந்த பிறகே பெரும்பாலான கொடுவாக்கள் பெண்ணாக மாறுகின்றன. முட்டையிட உப்புநீரை நாடி ஆற்றுமுகத்துக்கு வருகின்றன. ஆக, பொழிமுகத்தில் 'பெரிய மீன்' பிடித்துப் படமெடுத்துக்கொள்பவர் தூக்கிக் காட்டுவது அநேகமாக ஒரு தாயை.

வேட்டைக்குப் பிறந்த படகு

கயாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. சத்தமில்லாமல் இரையை நெருங்குவதற்கென்றே உருவானது. நம் கட்டுமரமும் பிழைப்புக்குப் பிறந்ததுதான். மரங்களைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் அமர்ந்து அலையைக் கடந்தவர்கள் பொழியூர், பூவார் கடலோர மக்கள். இன்று பிளாஸ்டிக்கில் வார்த்து வரும், மேலே அமர்ந்து ஓட்டும் கயாக்கைப் பார்த்து அவர்கள் பெரிதாக வியக்காததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இயந்திரப் படகு நுழைய முடியாத கண்டல் வேர்களுக்கிடையே கயாக் நுழைகிறது. மீன்கள் ஒளிந்து வளரும் இடமும் அதுதான். பறவை பார்ப்பவருக்கு வரமாக இருக்கும் அதே மௌனம், கையில் தூண்டில் ஏறியதும் மீனுக்குச் சாபமாகிறது.

நண்பரின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சந்தையில் மீன் வாங்கித் தின்பவர் ஒரு தூண்டிலைக் கண்டு முகம் சுளிப்பது பாசாங்கு என்கிறார் அவர். சுற்றுலாப் படகுகளின் இரைச்சலும் எண்ணெயும், கரையெங்கும் பிளாஸ்டிக்கும், ஆற்று மணல் கொள்ளையும் இருக்க, ஒற்றைக் கொக்கியா குற்றவாளி? நியாயமான கேள்வி. ஆனால் கூட்டமாகப் போகும்போது 'ஒரே ஒரு மீன்' என்பது பத்துப் பேருக்குப் பத்தாகிறது. வலைக்காரர் பிழைப்புக்குப் பிடிக்கிறார். எங்கே, எப்போது போடக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த நமக்கு இரண்டுமில்லை.

அறுந்த நரம்பு

மீனோடு விஷயம் முடிவதில்லை. வேர்களில் சிக்கும் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த நைலான் எளிதில் மக்குவதில்லை. மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் அது கண்ணுக்குத் தெரியாத கண்ணி. ஈயக் குண்டுகளும் ஆபத்தே. இங்கிலாந்தில் அவற்றை விழுங்கி அன்னங்கள் செத்ததால், சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனைக்கு 1987-ல் தடை வந்தது.

ஆற்றின் மேல்பகுதியில் சட்டமே குறுக்கே நிற்கிறது. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958-ல் அமைந்தது. நீர்த்தேக்கத்தில் முதலைகளும் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'விலங்கு' என்று சொல்வதில் மீனும் அடக்கம். அனுமதியில்லாமல் அங்கே தூண்டில் போட முடியாது. கழிமுகமோ சரணாலயமல்ல. இங்கே காவலுக்கு இருப்பது பெரும்பாலும் மனச்சாட்சிதான்.

பிடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு நாள் வரலாம். முள் இல்லாத கொக்கி, ஈரக் கை, மீனைத் தண்ணீரைவிட்டு அதிக நேரம் வெளியே எடுக்காத நிதானம், குஞ்சுகளோடு திரியும் மீனைத் தொடாத கட்டுப்பாடு, அறுந்த நரம்பைத் திரும்ப எடுத்துவரும் பொறுப்பு: இவ்வளவாவது தேவை. பறவை பார்க்கப் போகும் நாளில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுவது இன்னும் சுலபம்.

பத்து மணிக்குக் கரை திரும்பினோம். வழியில் வேர்களிலிருந்து பிய்த்தெடுத்த பழைய நரம்பு ஒரு கைப்பிடி தேறியது. நிறைய எடுத்தவர் தூண்டில் கொண்டுவந்த அதே நண்பர். குழுவின் குறிப்பேட்டில் பறவைகளின் பெயர்கள் வரிசையாக ஏறின. கடைசியில் நானும் ஒரு வரி சேர்த்தேன்: கரிமீன், 2. குஞ்சுகளுடன்.