செத்த வைரஸும் ரேகைப் பட்டியலும்

1990-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ‘ஜோஷி’ என்கிற கணினி வைரஸ், பிளாப்பியின் தொடக்கப் பகுதியில் குடியேறி, அந்தப் பிளாப்பியைப் போட்டு இயக்கிய எந்திரத்துக்குள் நுழைந்துகொள்ளும். ஜனவரி 5 அன்று வேலையை நிறுத்திவைத்துவிட்டு ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று தட்டச்சு செய்யச் சொல்லும். தட்டிவிட்டால் விட்டுவிடும். இன்று பிளாப்பியும் இல்லை, அதைச் செருகும் வாயும் இல்லை. 1986-ல் லாகூரின் இரண்டு சகோதரர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு எழுதிவிட்ட ‘பிரெய்ன்’ வைரஸும் அதே கதிதான். ஆனால் இவற்றைத் தேடும் வரிகள் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. செத்தவனுக்கு எதற்குக் காவல்?

நண்பர்கள் பலரிடமிருந்து உடனே வருகிற பதில், ‘எல்லாம் வியாபாரம்யா, எண்ணிக்கையைக் காட்டிப் பயமுறுத்துறான்’ என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒருகாலத்தில் இத்தனை ஆயிரம் வைரஸ்களைப் பிடிப்போம் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்து விற்றார்கள். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவது, தன் சரக்கு குறைந்துவிட்டது என்று தானே ஒத்துக்கொள்வதாக இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் சந்தைச் சதி என்று முடித்துவிட்டால் கருவி எப்படி இயங்குகிறது என்பதே பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது.

ஒரு வைரஸை அடையாளம் காட்டும் சிறு துண்டு வரிசைக்கு இத்தொழிலில் ‘சிக்னேச்சர்’ என்று பெயர். இதைக் கையெழுத்து என்பதைவிட ரேகை என்பதே பொருந்தும். கையெழுத்தை ஒருவர் தெரிந்து போடுகிறார், ரேகை எடுக்கப்படுகிறது. கோப்பு ஒன்றைத் திறக்கும்போது அதற்குள் இந்த ரேகை ஏதாவது இருக்கிறதா என்று மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. லட்சம் ரேகைகளை ஒவ்வொன்றாகவா பார்க்கும் என்றால், இல்லை. அகராதியில் சொல் தேடுவதுபோல்தான். முதலெழுத்து, அடுத்த எழுத்து என்று கிளை பிரிந்து போவதால், அகராதியில் இன்னும் ஆயிரம் சொல் சேர்ந்தாலும் தேடும் நேரம் அவ்வளவாகக் கூடிவிடாது. பல தொடர்களை ஒரே ஓட்டத்தில் தேடும் இவ்வகை வழிமுறையை அஹோ, கோராசிக் இருவரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். டாஸ் காலத்து வைரஸ்கள் எல்லாம் சேர்ந்து சில பத்தாயிரங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகமோ இன்று நாளொன்றுக்குப் புதிதாக நான்கு லட்சத்துக்கு மேல் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இந்த வெள்ளத்தில் பழையவற்றை நீக்கி மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? நீக்குவதுதான் செலவு. ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது இனி எங்குமே இல்லை’ என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது?

சொல்லவும் முடியாது. மதுரையில் அச்சகங்களை ஒட்டியிருக்கும் டிடிபி கடைகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும், 2001-க்குப் பிறகு புதுப் பதிப்பே வராத பேஜ்மேக்கரும்தான் பலருக்குப் பிழைப்பு. அவை ஒழுங்காக ஓடுவது பழைய எந்திரத்தில். மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியை ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்’ என்று விடாமல் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். இதைப் பின்தங்கிய மனம் என்று எள்ளுவதற்கில்லை. வங்கிகளே ஏடிஎம்களில் எக்ஸ்பியை ஓட்டிக்கொண்டிருந்து, 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதிக்க வேண்டியிருந்தது.

‘காலாவதி’ என்பது யாருடைய காலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2008 நவம்பரில் கிளம்பிய ‘கான்ஃபிக்கர்’ நுழையும் ஓட்டைக்கு ஒட்டுப்போடும் நிரல் அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. ஒட்டுப்போட்டவர்களுக்கு அது பழங்கதை. போடாதவர்களிடம் பென்டிரைவ் வழியாக ஆண்டுக்கணக்கில் சுற்றியது. 2016-ல் ஜெர்மனியின் குண்ட்ரெம்மிங்கன் அணுமின் நிலையத்தில், எரிபொருள் தண்டுகளை நகர்த்தும் கருவியோடு தொடர்புடைய ஒரு கணினியில் கான்ஃபிக்கரும் ‘ராம்னிட்’டும் இருந்தது தெரியவந்தது. அந்த எந்திரத்துக்கு இணையத் தொடர்பே இல்லை. அதனால் வைரஸ்கள் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் கூடவே 18 பென்டிரைவ் முதலானவற்றிலும் கிருமிகள் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. புது எந்திரம் நோயாளி ஆகாமலேயே நோயைச் சுமக்கலாம். 64-பிட் விண்டோஸில் டாஸ் வைரஸ் ஓடாது. ஆனால் அது ஒட்டியிருக்கும் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்து பக்கத்து எந்திரத்துக்குக் கொடுத்துவிடும். உத்திகளும் திரும்பி வருகின்றன. வேர்டு கோப்பின் மேக்ரோவில் ஒளிவதை 1995-ல் ‘கான்செப்ட்’ தொடங்கிவைத்தது. ஒழிந்துபோச்சு என்று நினைத்திருந்தபோது 2014-க்குப் பிறகு ‘எமோடெட்’ அதே வாசல் வழியாக வந்தது. வட்டின் தொடக்கப் பகுதியைப் பிடிக்கும் பிரெய்ன் காலத்து வேலையை 2016-ல் ‘பெட்யா’ செய்தது.

ரேகை என்ற சொல்லை மதுரைப் பக்கத்தில் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டம் வந்தது. பட்டியல் வைத்திருப்பவர் அதை எளிதில் கைவிடுவதில்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது அவசரமாகும். ஜோஷியின் ரேகை, அது செய்த காரியத்துக்குப் பிறகு, அந்த நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது. அதைக் கொண்டிராத எந்தக் கோப்பையும் அது தொடுவதில்லை. அப்பாவிக் கோப்பில் அதே துண்டு தற்செயலாக அமைந்து மாட்டிக்கொள்வது உண்டு என்றாலும் அது அபூர்வம். பெருங்காமநல்லூரில் கேட்கப்பட்டது ஒன்றும் செய்யாதவர்களின் ரேகை. பிறப்பே அங்கு குற்றம். இந்த இரண்டாவது தர்க்கம் கணினியில் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது பழைய பட்டியலில் இல்லை, புதிதாக வந்த ‘நற்பெயர்’ முறையில் இருக்கிறது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், காசு கட்டி வாங்கிய சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து ஒரு நிரலை மதிப்பிடும் முறை இது. விண்டோஸுக்குள்ளேயே 2012 முதல் இருக்கிறது. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்ற யாரோ ஒருவர் ராத்திரி கண்முழித்து எழுதி இலவசமாகக் கொடுத்த நிரலை உலகத்தில் இருநூறு பேர் பயன்படுத்தினால் அதிகம். அதை இறக்கியதும் எச்சரிக்கைப் பலகை வந்து நிற்கிறது. அது என்ன தப்பு செய்தது என்று கேட்டால் பதில், அதிகம் பேருக்குத் தெரியாது என்பது மட்டுமே. ஜோஷி குற்றவாளியாக இருந்தாலும் குற்றப்பத்திரிகை இருக்கிறது. இதற்கு அதுவும் கிடையாது. புதிய கிருமிகளைத் தடுக்க இந்த முறை ஓரளவு தேவை என்பதையும் மறுக்கவில்லை, ஆனால் சிறுபான்மை மொழியின் கருவிகள் அதற்குக் கொடுக்கிற விலையை யாரும் கணக்கெழுதுவதில்லை.

தொண்ணூறுகளின் சிற்றிதழ்க் கோப்புகளைப் பிளாப்பியிலும் சிடியிலும் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பழைய ரேகைகள்தான் உதவும். அவற்றைப் புது எந்திரத்துக்கு மாற்றும் முன், வைரஸ் எதிர்ப்பு மென்பொருளில் ‘கண்டதும் அழி’ என்றிருந்தால் ‘தனியே வை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மேக்ரோ வைரஸ் பிடித்த வேர்டு கோப்பில் மேக்ரோவை மட்டும் நீக்கினால் பெரும்பாலும் கட்டுரை அப்படியே மிஞ்சும். அழித்துவிட்டால் இரண்டும் போகும்.