ஒரு தோட்டத்துச் சுவை

செந்திராட்சை மதுப் புட்டிகள் சிலவற்றின்மேல் ‘ஒரே தோட்டத்து ஷிராஸ்’ என்னும் குறிப்புக் காணப்படும். இச்சொற்களின் பொருள் யாது? மதுவைப் போற்றுதல் இங்கு நோக்கமன்று. குடியாற் குலைந்த குடும்பங்களைத் தோட்டப்புறம் நன்கறியும். ஆயினும் மண்ணுக்கும் சுவைக்கும் உள்ள உறவை விளக்க, இது நல்லதொரு சான்றாகும்.

ஷிராஸ் என்பது கருநிறத் திராட்சை வகை. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்ததென்று பலர் நம்பினர். 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு, அது பிரான்சு நாட்டின் இரு வகைத் திராட்சைகள் கலந்து பிறந்ததென நிறுவியது. தென் ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கிலே, ஹென்ஷ்கி குடும்பத்தார் ஒரே தோட்டத்துப் பழத்தைக் கொண்டு 1958 முதல் வடித்துவரும் ஷிராஸ் மது உலகப் புகழ் வாய்ந்தது.

திராட்சைச் சாற்றுக்கு நிறம் மிகக் குறைவு. செந்நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே பெரிதும் வருகின்றன. தோல் நெடுநாள் ஊறினால் மது கனக்கும். அளவோடு ஊறினால் நடுத்தரமாய் நிற்கும். புளிப்புக் குன்றுமுன் பழத்தைப் பறித்தால் புத்துணர்ச்சியான சுவை கிட்டும். ஒரு நிலத்தின் மண்ணும் மழையும் வெயிலும், உழைப்பவர் கையும் கூடியே ஒரு தோட்டத்துச் சுவையாகின்றன.

இனி, இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானையைக் காண்போம். சிங்கராஜ வனத்தின் அயலிலே அமைந்த இவ்வூர் மழை வளம் மிக்கது. உலர்ந்த கோடையை விரும்பும் மதுத் திராட்சைக்கு இவ்விடம் ஏற்றதன்று. ஆனால் தேயிலைக்கோ இது தாய்வீடு போன்றது. கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை எனப்படும். அதன் சாயம் கருமை தோய்ந்த செம்மை, சுவையோ கனமானது. மலையுச்சியில் விளையும் நுவரெலியாத் தேயிலையின் மென்மணம் வேறு; இதன் அழுத்தம் வேறு. மத்திய கிழக்கு நாட்டவர் இத்தேயிலையை விரும்பி வாங்குகின்றனர்.

இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மதுவில் நொதியுயிர்கள் சர்க்கரையைச் சாராயமாக்குகின்றன. தேயிலையில் அவ்வாறன்று. வாட்டிய கொழுந்தை உருட்டிக் கசக்கும்போது அதன் சாறு காற்றோடு கலந்து செம்மை பெறுகிறது. ‘புளிக்கவைத்தல்’ என்று வழக்கில் கூறினும், நிகழ்வது காற்றின் வினையே. உரிய வேளையில் அனலூட்டி அதனை நிறுத்துவதே தேயிலை செய்வோரின் திறமை.

அத்திறமைக்கும் முன்னே நிற்பது கொழுந்து பறிக்கும் கை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே கிடைக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்து, நசுங்காமல் சேர்க்க வேண்டும். சாக்கில் அடைத்து அழுத்தினால் வழியிலேயே கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பின்னர் எந்த இயந்திரமும் அதனை மீட்காது.

கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கியது. அங்கே தொழிற்சாலைகள் தத்தம் முத்திரைப் பெயரால் தேயிலையை விற்கின்றன. ஆயினும் சிறுதோட்டக்காரர் பலரின் கொழுந்து ஒரு தொழிற்சாலையிலே கலக்கிறது. பல தொழிற்சாலைகளின் தேயிலை பின்னர் வணிகர் கையிலே கலக்கிறது. கலப்பதும் ஒரு கலையே. அதனால் ஆண்டு முழுதும் ஒரே சுவையும் தாங்கத்தக்க விலையும் அமைகின்றன. ஆனால் பெரும்பாலும் நிறை பார்த்தே கொழுந்துக்குப் பணம் கொடுக்கப்படுவதால், கவனமாய்ப் பறித்தவரும் முற்றிய இலையை வாரியவரும் ஒரே தட்டில் நிற்கின்றனர்.

ஒரே தோட்டத்துப் பொருள் என்னும் எண்ணத்தின் பயன் இங்கேதான் விளங்கும். பெயர் நிலைத்தால் பொறுப்பும் நிலைக்கும். பொறுப்புக்கு விலை கிட்டினால், கவனமாய்ப் பறித்த கைக்கு அதில் உரிய பங்கு சேரவேண்டும். பெயர் மட்டும் பொதியில் ஒளிர்ந்து, பயன் வெயிலிலும் மழையிலும் நிற்பவரை எட்டாதாயின், அது வெறும் அலங்காரமே. காலையில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவோர், அச்செம்மையில் கலவானையின் மழையோடு ஒரு கையின் கவனமும் கலந்திருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.