ரதி தடுத்தாள், மதன் கேட்கவில்லை

மனிதருக்காக நெருப்பைத் திருடிய புரொமிதியஸைப் பாறையில் கட்டிப்போட்டார்கள் கிரேக்கக் கடவுளர். தேவர்களுக்காக மலரம்பு தொடுத்த மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணில் சாம்பலானான். முதல் கதையை கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்காரர்கள் வெட்டவெளி அரங்கில் நாடகமாகப் பார்த்தார்கள். இரண்டாவதை இலங்கை மலையகத்தின் பசறை, மடுல்சீமை, நமுனுகலைப் பக்கத்துத் தோட்ட லயத்துச் சனம் காமன் பொட்டலில் காமன் கூத்தாகப் பார்த்து வந்திருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் நல்லது கெட்டதை எடுத்துச் சொன்னது அந்தக் கூத்துதான்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். தப்பு முழங்க, மன்மதனாகிய மதனும் அவன் மனைவி ரதியும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசி இரவில் தகனம். பலருக்கும் நினைவில் நிற்பது அந்தத் தீதான். அதற்கு முந்திய ரதி-மதன் தர்க்கத்தில்தான் கூத்தின் உயிர் இருக்கிறது என்பேன்.

போகாதே என்கிறாள் ரதி. கெட்ட கனாக் கண்டதைச் சொல்கிறாள். தவத்தில் இருப்பவரைச் சீண்டினால் என்ன நடக்கும் என்று காரணம் காரணமாக அடுக்குகிறாள். மதனோ தன் அம்பின் பெருமையைப் பேசிக்கொண்டு கிளம்புகிறான். எரிந்தது அவன், அவனை ஏவிவிட்ட தேவர்களில் ஒருவருக்கும் ஒரு மயிர்கூடக் கருகவில்லை. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பித் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதன் பொருளை விளக்க ஆசிரியர் தேவையில்லை. வேடம் கட்டுவது ஆண்தான் என்றாலும், விடிய விடிய நியாயம் பேசுவது ஒரு பெண்ணின் வாய். அவள் சொன்னதே பலிக்கிறது. நாளெல்லாம் கொழுந்து பறித்த கையோடு பொட்டலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

 

இதெல்லாம் மூடநம்பிக்கை, பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்போரும் உண்டு.

எனக்குள்ள பயம் வேறு. கூத்தைக் கலைவிழா மேடைக்குக் கொண்டுபோகும்போது முதலில் வெட்டப்படுவது தர்க்கம். நேரம் இல்லை என்கிறார்கள். ரதி இரண்டு சுற்று ஆடுகிறாள், மதன் அம்பு விடுகிறான், தீ எழுகிறது, கைதட்டல். ஏன் எரிந்தான், யார் அனுப்பினார்கள், தடுத்தவள் என்ன சொன்னாள் என்பது பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு தரப்பாகப் பிரிந்து இதே கதையை வாதாடுவார்கள். அந்த வாதத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது வாணவேடிக்கை மட்டும்தான்.

வயதான கூத்து மாஸ்டர்கள் பலர் தர்க்கப் பாட்டுகளைக் கொப்பியில் எழுதியும் வைக்காமல் மனதிலேயே சுமக்கிறார்கள். வருகிற மாசிக்கு முன், தை மாதத்து ஒத்திகையிலேயே பாட்டு முழுவதையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தமிழ்த் தினப் போட்டிக்குப் பேச்சுத் தலைப்புத் தேடும் ஆசிரியர்கள் ரதியின் பக்கம் ஒரு பிள்ளையையும் மதனின் பக்கம் இன்னொரு பிள்ளையையும் நிறுத்திப் பேசவிடுங்கள்.