வீட்டை அடமானம் வைத்துப் பதிவான ஆல்பம்

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த 'தி கெட் அப் கிட்ஸ்' குழு தன் இரண்டாவது ஆல்பத்துக்குத் தயாரானபோது, அதை வெளியிட முன்வந்த 'வேக்ரன்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறிய இசை வெளியீட்டு நிறுவனத்தின் (லேபிள்) கையில் போதிய பணம் இல்லை. லேபிளை நடத்திய இருவரில் ஒருவரான ஜான் கோஹனின் பெற்றோர் தங்கள் வீட்டை அடமானம் வைத்துக் கடன் கொடுத்தார்கள். அப்படிப் பதிவாகி 1999இல் வெளிவந்ததுதான் 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்'. எமோ, பாப்-பங்க் ஆகிய இசை வகைகளுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. சிறிய லேபிள்கள் இல்லாமல் இந்த இசை வளர்ந்திருக்காது என்பதற்கும் இதுவே சான்று.

எமோ எது, பாப்-பங்க் எது?

இரண்டுக்கும் தாய் பங்க் ராக். 1976இல் ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் காட்டிய வழி எளிமையானது: சில கிட்டார் கார்டுகள், மின்னல் வேகம், இரண்டு நிமிடப் பாட்டு. அந்த வேகத்தைக் குறைக்காமல், ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடும் மெட்டைச் சேர்த்தால் பாப்-பங்க். டிசென்டன்ட்ஸ் 1982இல் வெளியிட்ட 'மைலோ கோஸ் டு காலேஜ்' இதன் முன்னோடி. 1994இல் கிரீன் டேயின் 'டூக்கி' இதை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது.

எமோ பிறந்த இடம் வாஷிங்டன். அங்கே 1980களின் நடுவில் பங்க்கின் கடுமையான வடிவமான ஹார்ட்கோர் பங்க் கச்சேரிகள் கோபமும் கைகலப்புமாக மாறிப்போயிருந்தன. 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' குழு அந்த ஆவேசத்தை உள்முகமாகத் திருப்பியது. பிரிவு, ஏக்கம், குற்றவுணர்வு ஆகியவற்றைக் கூச்சமின்றித் தொண்டை கிழியப் பாடியது. அவர்களுடைய ஆல்பத்தை 1985இல் வெளியிட்டது 'டிஸ்கார்ட்'. இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய சிறிய லேபிள் அது. 1990களின் இறுதியில் எமோவின் மனமும் பாப்-பங்க்கின் மெட்டும் கலந்தன. கெட் அப் கிட்ஸ் அந்தக் கலப்பில் நிற்கும் குழு.

சிறிய லேபிள் என்ன செய்கிறது?

ஸ்டுடியோ வாடகை, சிடி அல்லது வினைல் தயாரிப்பு, கடைகளுக்கு விநியோகம், விளம்பரம் என எல்லாவற்றுக்கும் முதல் போடுவது லேபிள். பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் குழுவுக்கு முன்பணம் கொடுத்து, விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை ராயல்டியாக ஒதுக்கும். கொடுத்த முன்பணத்தை அந்த ராயல்டியிலிருந்தே கழித்துக்கொள்ளும். அதனால் ஆல்பம் நன்றாக விற்றும் குழுவின் கைக்குக் காசு வராமல் போகலாம். சிறிய லேபிள்கள் பலவற்றில் கணக்கு வேறு: செலவு போக மிஞ்சும் லாபத்தை லேபிளும் குழுவும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

கேட்பவர்களுடன் உள்ள நெருக்கம் இன்னொரு பலம். அமெரிக்காவில் மது விற்கும் அரங்குகள் பலவற்றில் 21 வயதாகாதவர்களுக்கு அனுமதி இல்லை. எனவே அந்த வயதை எட்டாத ரசிகர்களும் வரும்படி இந்தக் குழுக்கள் தேவாலயக் கூடங்களிலும் முன்னாள் ராணுவத்தினர் மன்றங்களிலும் வீட்டு அடித்தளங்களிலும் வாசித்தன. மேடையில் இருப்பவருக்கும் எதிரில் நிற்பவருக்கும் வயதில் பெரிய இடைவெளி இல்லை. வானொலிக்காக வரிகளை மழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. இந்தப் பாடல்களின் ஒளிவுமறைவற்ற தன்மைக்கு அந்தக் கூடங்களும் காரணம் என்று நம்புகிறேன்.

வேக்ரன்ட் போட்ட முதல் வீண்போகவில்லை. 2001இல் மட்டும் டாஷ்போர்ட் கன்ஃபெஷனல், சேவ்ஸ் தி டே, அல்கலைன் ட்ரையோ ஆகிய குழுக்களின் முக்கியமான ஆல்பங்களை அது வெளியிட்டது. அதே ஆண்டு கோடையில் தன் குழுக்களைச் சேர்த்து 'வேக்ரன்ட் அமெரிக்கா' என்ற சுற்றுப்பயணமும் நடத்தியது. ஒரு குழுவுக்காக வந்த ரசிகர் மற்றொரு குழுவைக் கண்டுகொள்ள, லேபிளின் பெயரே பரிந்துரை ஆனது.

நம்பிக்கை தவறினால்?

சிறியது என்பதாலேயே எல்லாம் நேர்மையாக நடந்துவிடாது. கிரீன் டேயை முதலில் வளர்த்த கலிபோர்னியாவின் 'லுக்அவுட்' லேபிளில் ராயல்டி பாக்கி சேர்ந்தது. குழுக்கள் ஒவ்வொன்றாக விலகின. 2005இல் கிரீன் டேயும் தன் பழைய ஆல்பங்களை மீட்டுக்கொண்டது. பிறகு அந்த லேபிள் எழவே இல்லை. பரஸ்பர நம்பிக்கையே முதலீடாக இருக்கும் தொழிலில், கணக்கு வழக்கு சுத்தமாக இருப்பதும் கலைக்குச் செய்யும் தொண்டுதான்.

எந்த வரிசையில் கேட்பது?

முதலில் 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்': கிட்டாருக்கு நடுவே ஜேம்ஸ் டூவீஸின் கீபோர்டு பாடலுக்கு எப்படிக் கனிவு சேர்க்கிறது என்று கவனியுங்கள். அடுத்து சேவ்ஸ் தி டேயின் 'ஸ்டே வாட் யூ ஆர்': வேகம் தணிந்து மெட்டு முன்னுக்கு வருகிறது. மூன்றாவதாக டாஷ்போர்ட் கன்ஃபெஷனலின் 'தி பிளேசஸ் யூ ஹேவ் கம் டு ஃபியர் தி மோஸ்ட்': பெரும்பகுதி ஒற்றைக் குரலும் அகவுஸ்டிக் கிட்டாரும்தான், ஆனாலும் பங்க்கின் ஆவேசம் குறையவில்லை. கடைசியாக ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கிடம் போங்கள். பதிவு கரடுமுரடாக இருக்கும். ஆனால் முந்தைய மூன்றிலும் கேட்ட உணர்ச்சியின் வேர் அங்கே பிடிபடும்.

பிடித்த ஆல்பத்தை, முடிந்தால், குழுவிடமோ லேபிளிடமோ நேரடியாக வாங்குங்கள். இன்னும் யாருக்கும் தெரியாத ஒரு குழுவின் அடுத்த பதிவுக்கு அந்தப் பணம்தான் முதல்.